பிரிக்கப்படாத கடிதங்கள்: வீட்டுக் கடனும் ஏலமும்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான விளக்கக் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அதிகாலையில் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த களைப்போடு இங்கே கூடியிருக்கிறீர்கள். ஆகவே, நேரே பொருளுக்கு வருகிறேன். வீடு வாங்குவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தரப் பலர் வருவார்கள். வாங்கிய வீட்டுக்குத் தவணை கட்ட முடியாமற் போனால் என்ன நேரும், வீட்டின் விலை கடனைவிடக் கீழே இறங்கிவிட்டால் என்ன நேரும் என்று சொல்ல வருவோர் குறைவு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அதுதான்.

சொந்த வீடு என்பது நமக்கு வெறும் செங்கல்லும் ஓடும் அன்று. தோட்டத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் மக்கள் வேலையை மட்டுமா இழந்தார்கள்? தலைக்குமேல் இருந்த கூரையையும் சேர்த்தே இழந்தார்கள். அந்த வேதனையைக் கண்டுதான் 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அப்படிப்பட்ட சமுதாயத்தில் ஒருவர் தம் பெயரில் ஒரு வீடு வாங்குகிறார் என்றால், அது மூன்று தலைமுறையின் ஆசை. அந்த வீடு ஏலத்தில் போகும்போது, போவதும் அந்த ஆசைதான்.

பிஸ்கட் டின்னில் ஒன்பது கடிதங்கள்

சில ஆண்டுகளுக்கு முன், இதைப் போன்றதொரு கூட்டம் முடிந்து நான் புறப்படும் வேளையில், ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். அவர் கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே கடிதங்கள். ஒன்பதில் எட்டுக் கடிதங்களின் உறைகள் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தன.

“ஐயா, ஏன் ஒன்றையும் பிரிக்கவில்லை?” என்று கேட்டேன்.

“வங்கிக் கடிதம் என்று தெரியும், சார். பிரித்தால் வீடு போய்விடுமோ என்று பயமாக இருந்தது” என்றார்.

பிரிக்காததால்தான் அந்த வீடு போயிருந்தது. ஏலத்தில் வாங்கியவர் வந்து கதவைத் தட்டிய பிறகே பெரியவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது. நான் அவரைச் சந்தித்தபோது அவர் தம் மகளின் தோட்டத்து வீட்டில் ஒண்டியிருந்தார். தம் கதையைச் சொல்ல அனுமதி தந்தார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கணக்கை மட்டும் உங்களுக்கு எளிதாக விளங்கும்படி முழு எண்களாக மாற்றிச் சொல்கிறேன்.

கடன் மேலே, விலை கீழே

பெரியவரும் அவருடைய மகனும் சேர்ந்து, பட்டணத்திற்கு வெளியே புதிதாக எழும்பிய ஒரு தாமானில் வீடு வாங்கினார்கள். கையிலிருந்த சேமிப்பை முன்பணமாகக் கட்டி, மீதத்திற்கு வங்கியில் 100,000 வெள்ளி கடன் எடுத்தார்கள். 35 ஆண்டுத் தவணை. வட்டி ஆண்டுக்கு 4.5 விழுக்காடு. மாதத் தவணை ஏறத்தாழ 473 வெள்ளி.

இங்கேதான் நம்மில் பலர் அறியாத ஒன்று இருக்கிறது. முதல் மாதம் கட்டிய 473 வெள்ளியில் 375 வெள்ளி வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது 98 வெள்ளிதான். ஐந்து ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் கட்டினார்கள். கட்டிய மொத்தத் தொகை 28,000 வெள்ளிக்கும் அதிகம். அசலில் குறைந்ததோ ஏறத்தாழ 6,600 வெள்ளி மட்டுமே. நிலுவை 93,400 வெள்ளி. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. நீண்டகாலக் கடனின் கணக்கே இப்படித்தான். முற்பகுதியில் கட்டுவது பெரும்பாலும் வட்டி. பிற்பகுதியில் கட்டுவதே பெரும்பாலும் அசல்.

அதே ஐந்து ஆண்டுகளில் வீட்டின் விலை என்ன ஆயிற்று? பக்கத்தில் வருவதாகச் சொல்லப்பட்ட தொழிற்பேட்டை வரவில்லை. தாமானில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கடைகள் திறக்கவில்லை, பேருந்தும் வரவில்லை. வாங்குவதற்கு ஆள் இல்லாத இடத்தில் விலை எப்படி நிற்கும்? வீட்டின் சந்தை விலை 80,000 வெள்ளிக்கு இறங்கிற்று. அதாவது, அந்த நாளில் வீட்டை விற்றாலும் கடன் தீராது. கூரைக்கு மேலே கடன் நின்றது.

தவணையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு அந்த வீட்டிலேயே குடியிருக்கும் வரையில், விலை இறங்கியதால் மட்டும் ஒருவருக்கு ஆபத்து வந்துவிடாது. தவணையும் நின்று, விலையும் இறங்கியிருந்தால்தான் ஆபத்து. மகன் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டது. தவணை நின்றது. கடிதங்கள் வரத் தொடங்கின.

கடிதங்கள் சொன்னவை

அன்று மாலை நானும் பெரியவரும் உட்கார்ந்து அந்தக் கடிதங்களைத் தேதி வாரியாகப் பிரித்தோம்.

முதல் இரண்டும் வங்கியின் நினைவூட்டல்கள். தவணை நின்றுவிட்டது, விரைந்து செலுத்துங்கள் என்பதற்கு மேல் அவற்றில் ஒன்றுமில்லை.

மூன்றாவது கடிதத்தைப் படித்துக் காட்டியபோது பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். “தங்களுக்குச் சிரமம் இருப்பின் வங்கிக்கு நேரில் வாருங்கள், தவணைக் காலத்தை மாற்றியமைப்பது பற்றிப் பேசலாம்” என்பது அதன் சாரம். கதவு திறந்திருந்த நாள் அது.

நான்காவது, வங்கியின் வழக்கறிஞர் அனுப்பியது. நிலுவை மட்டுமன்று, கடன் முழுவதையும் திருப்பிக் கட்டும்படி அது கோரிற்று.

ஐந்தாவது, தேசிய நிலச் சட்டத்தின்கீழ் அனுப்பப்படும் 16டி பாரம். தீபகற்ப மலேசியாவில் நிலத்தையும் வீட்டையும் அடமானமாகப் பதிவு செய்து கடன் வாங்குவோருக்கு, 1965இல் இயற்றப்பட்ட இந்தச் சட்டமே அடிப்படை. தவணை தவறி ஒரு மாதமாவது ஆன பிறகு இந்த அறிவிப்பு வரும். குறையைச் சரிசெய்ய வழக்கமாக ஒரு மாத அவகாசம் தரும். அதற்குள் சரிசெய்யாவிட்டால், வீட்டை விற்க உத்தரவு கேட்டு வங்கி மனுச் செய்யலாம். இந்தப் பாரத்தின் எண்ணை மட்டுமாவது மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: 16டி.

ஆறாவது, உயர் நீதிமன்ற அழைப்பாணை. நிலப்பட்டா மாநிலப் பதிவகத்தில் பதிவானதாக இருந்தால் மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். மாவட்ட நில அலுவலகத்தில் பதிவானதாக இருந்தால் நில நிர்வாகியிடம் போகும். தனிப்பட்டா இன்னும் வெளிவராத வீடுகளுக்கு வழி வேறு. அங்கே கடன் ஒப்பந்தத்தின் மூலம் உரிமை வங்கிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கும். நீதிமன்ற உத்தரவின்றியே வங்கி ஏலம் விடக்கூடும். எந்த வழியாயினும், அழைப்பு வந்தால் நேரில் போகவேண்டும். ஆனால் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும்: “என்னிடம் பணம் இல்லை” என்ற பரிதாபம் மட்டுமே உத்தரவைத் தடுக்கப் போதிய காரணமாகச் சட்டத்தில் கருதப்படுவதில்லை. நடைமுறையில் தவறு இருந்தால் அதை எடுத்துக் கூறலாம். கட்டிய தொகைக்கான ரசீதுகளைக் காட்டலாம்.

ஏழாவது, ஏல நாள் குறித்த உத்தரவு. நாம் பேச்சு வழக்கில் ‘லெலோங்’ என்கிறோமே, அதுதான். உத்தரவு பிறந்த நாளிலிருந்து ஒரு மாதமாவது கழிந்த பின்னரே ஏல நாள் வைக்கப்படும். அந்த நிலையிலும் ஒரு வாய்ப்பை நிலச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. ஏலம் முடிவதற்கு முன் எந்த நேரத்திலும், செலுத்தவேண்டிய தொகையைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம். ஏலக்காரரின் சுத்தியல் இறுதியாக விழும் வரை வீடு உங்களுடையதே.

எட்டாவது, முதல் ஏலத்தில் வாங்குவோர் இல்லாததால் மறு ஏலம் என்ற அறிவிப்பு.

பெரியவர் பிரித்திருந்த ஒரே கடிதம் ஒன்பதாவதுதான். வீடு போன பிறகு வந்தது. “வீடு விற்ற பணம் போதவில்லை, மீதியைக் கட்டுங்கள்” என்றது அது.

வீடு போனாலும் கடன் போகாது

இந்த இடத்தை நன்றாகக் கவனிக்கவேண்டுகிறேன். “வங்கிதான் வீட்டை எடுத்துக்கொண்டதே, இன்னும் எதற்குப் பணம்?” என்று பெரியவர் கேட்டார். உங்களில் பலரும் இப்படித்தான் எண்ணியிருப்பீர்கள். இது தவறு. வீடு கடனுக்கு ஈடு மட்டுமே. கடன் உங்கள் கையெழுத்தின் மேல் நிற்கிறது.

ஏலத்தின் தொடக்க விலை, வீட்டின் சந்தை மதிப்பையொட்டி நிர்ணயிக்கப்படும். வாங்குவோர் வராவிட்டால், அடுத்த ஏலத்தில் வழக்கமாக 10 விழுக்காடு குறைப்பார்கள். 80,000 வெள்ளிக்கு ஏலம் வந்தது, கேட்பார் இல்லை. 72,000; அப்போதும் இல்லை. மூன்றாம் முறை 64,800 வெள்ளிக்குப் போயிற்று. இதற்கிடையே நிலுவை வட்டி, வழக்கறிஞர் செலவு, ஏலச் செலவு, கட்டாமல் விட்ட நிலவரி, மதிப்பீட்டு வரி எல்லாம் சேர்ந்து கடன் 98,000 வெள்ளியை எட்டியிருந்தது. கழித்துப் பாருங்கள். வீடும் இல்லை; கடன் மட்டும் 33,200 வெள்ளி.

மூன்றாவது கடிதம் வந்த நாளிலேயே அதைப் பிரித்திருந்தால்? தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அதுவும் முடியாவிட்டால், வங்கியின் ஒப்புதலோடு தாமே வீட்டை 80,000 வெள்ளிக்கு விற்றிருக்கலாம். அப்போது கடன் 95,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும், விற்பனைச் செலவு நீங்கலாகத் துண்டு விழுவது 15,000 வெள்ளிதான். அந்தத் துண்டுத் தொகைக்கு ஏற்பாடு செய்தால்தான் வங்கி அடமானத்தை விடுவிக்கும் என்பது உண்மையே. ஆயினும் 15,000 எங்கே, 33,200 எங்கே? இடையிலுள்ள 18,200 வெள்ளியும் பிரிக்கப்படாத கடிதங்களுக்குக் கொடுத்த விலை.

மீதத் தொகைக்காக வங்கி வழக்குத் தொடுக்கலாம். திவால் நடவடிக்கைக்குரிய குறைந்தபட்சக் கடன் தொகை 2021ஆம் ஆண்டு முதல் 100,000 வெள்ளி. அதற்குக் குறைந்த கடனுக்குத் திவால் மனு கிடையாது. ஆனால் தீர்ப்புப் பெற்று உடைமைகளைக் கைப்பற்றும் வழி அப்போதும் உண்டு. ஆறுதலான செய்தி ஒன்று: ஊழியர் சேமநிதி வாரியத்தில் உங்கள் கணக்கிலுள்ள சேமிப்பைக் கடன்காரர் யாரும் சட்டப்படி பறிமுதல் செய்ய முடியாது.

உறவினரின் குடியிருப்பு வீட்டுக் கடனுக்காக, ஆதாயம் ஏதும் கருதாமல் பிணை நின்றவர் மீது திவால் நடவடிக்கை எடுப்பதற்கு 2017இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் தடை விதித்தது. எனினும் பணம் கேட்டு வழக்கு வராது என்று அதற்குப் பொருளில்லை. பிணைக் கையெழுத்தை விளையாட்டாக எண்ணாதீர்கள்.

செய்யக்கூடாத மூன்று

முதலாவது, சாவியை வங்கியில் கொடுத்துவிட்டோ, வீட்டைப் பூட்டிவிட்டோ போய்விடுவது. கதவு பூட்டியிருந்தாலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆளில்லாத வீட்டின் விலை இன்னும் இறங்கும்.

இரண்டாவது, “நான் குடியிருந்துகொண்டு உங்கள் தவணையைக் கட்டிவிடுகிறேன்” என்பவரிடம், வங்கிக்குத் தெரியாமல் வீட்டை ஒப்படைப்பது. அவர் கட்டாமற் போனால் வங்கி தேடிவருவது அவரையல்ல, உங்களை.

மூன்றாவது, வங்கித் தவணையைக் கட்ட ஆலோங்கிடம் கடன் வாங்குவது. வங்கி கடிதம் அனுப்பும், சட்டப்படி நடக்கும், அவகாசம் தரும். ஆலோங் தருவது என்ன என்பது உங்களுக்கே தெரியும்.

செய்யவேண்டியவை

ஒரு தவணை தவறியதுமே வங்கிக்குப் போங்கள். இரண்டாவது தவறும் வரை காத்திராதீர்கள். சம்பளச் சீட்டு, குடும்பச் செலவுக் கணக்கு, கடன் அறிக்கை ஆகியவற்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். தவணைக் காலத்தை நீட்டினால் மாதத் தவணை குறையும். ஆனால் கட்டும் மொத்த வட்டி கூடும். இதைத் தெரிந்தே ஒப்புக்கொள்ளுங்கள். பேசி முடித்ததை எழுத்தில் வாங்குங்கள்.

வங்கியோடு பேசத் தயக்கமாக இருந்தால், 2006ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா தோற்றுவித்த ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை நிர்வாக அமைப்பை நாடுங்கள். ஆலோசனை இலவசம். தகுதியுள்ளவர்களுக்காக வங்கிகளோடு பேசித் திருப்பிச் செலுத்தும் திட்டத்தையும் அது வகுத்துக் கொடுக்கும்.

சேமநிதியிலிருந்து வீட்டுக் கடனைக் குறைப்பதற்குப் பணம் எடுக்க வழியுண்டு. 2024 மே மாதத்தில் 55 வயதுக்குட்பட்டோரின் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. அவற்றுள் செஜாத்தெரா கணக்கு இதற்கு உதவும். ஆனால் அது உங்கள் முதுமைக்கான பணம். எப்படியும் காப்பாற்ற முடியாத வீட்டில் அதைக் கொட்டிவிட்டுப் பின்னால் வருந்தாதீர்கள். காப்பாற்ற முடியுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

கடன் எடுத்தவர் இறந்துபோனாலோ, நிரந்தரமாகச் செயலிழந்தாலோ, கடன் பத்திரங்களோடு எம்.ஆர்.டி.ஏ. என்ற காப்புறுதி எடுக்கப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், மீதக் கடனை அது முழுமையாகவோ பகுதியாகவோ தீர்க்கும். இப்படியொரு காப்புறுதி இருப்பதே தெரியாமல் எந்தக் குடும்பமும் வீட்டை விட்டுவிடக்கூடாது.

இனிமேல் வீடு வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். ஆழம் அறியாமல் காலை விடாதீர்கள். வட்டி என்றும் ஒரே அளவில் நிற்பதில்லை. 1998ஆம் ஆண்டு நெருக்கடியின்போது வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டையும் தாண்டிற்று. பேங்க் நெகாராவின் வட்டி விகிதம் 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்து, 2023 மே மாதத்தில் 3 விழுக்காட்டுக்கு ஏறிற்று. நம் வருமானமும் நிலையானதன்று. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. இலையுதிர் காலத்தில் பால் குறையும். தவணைக்கு மழையும் தெரியாது, இலையுதிர்வும் தெரியாது. ஆகவே, நல்ல மாதத்துச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பால் குறைந்த மாதத்துச் சம்பளத்தை வைத்துப் போடுங்கள். மூன்று மாதத் தவணையைத் தனியே சேர்த்து வைத்துக்கொண்டு, அதன்பின் கையெழுத்திடுங்கள். வாங்கப்போகும் தாமானை விளம்பரப் படத்தில் பார்க்காமல் நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று மாலையில் எண்ணிப் பாருங்கள்.

அன்பர்களே, அந்தப் பெரியவரின் வீட்டை எங்களால் மீட்க முடியவில்லை. சுத்தியல் விழுந்த பின் வந்தவர் அவர். மீதக் கடனை மாதந்தோறும் சிறு தொகையாகக் கட்ட ஏற்பாடாயிற்று, மகனுக்கு வேறு வேலை கிடைத்தது, கட்டி வருகிறார்கள். விடைபெறும்போது பெரியவர் சொன்னார்: “பயந்தது தப்பில்லை, சார். பயத்தை டின்னில் போட்டு மூடினதுதான் தப்பு.”

உங்கள் வீட்டு அலமாரியின் மேலேயோ, சாமிப் படத்தின் பின்னாலோ, பிரிக்காத கடிதம் ஏதும் செருகியிருக்கிறதா? இன்றிரவே எடுத்துப் பிரியுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்து உங்களுக்கு விளங்காவிட்டால், படித்த பிள்ளையிடம் கொடுங்கள், கிராணியாரிடம் காட்டுங்கள், தொழிற்சங்கக் கிளைச் செயலாளரிடம் கொண்டுபோங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூட்டம் முடிந்த பின்னும் நான் சற்று நேரம் இங்கேதான் இருப்பேன். கடிதம் வைத்திருப்போர் கொண்டுவாருங்கள், சேர்ந்தே படிப்போம்.